தேவிக்கு வந்த கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதை நான் செய்யப்போவதில்லை. நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் மருந்துக் கம்பெனி நடத்தும் இதழுக்கு, மகனின் அரிய நோய்க்கு மருந்து தேடி அலைந்த அப்பா என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். மாமல்லபுரம் கடற்கரையில் நாம் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்றும் வேண்டும் என்றாய். "முப்பது வருஷமா ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் எழுதினீங்க, நம்ம கதைய ஒரு வரி எழுதினதில்லப்பா" என்று குறைப்பட்டுக்கொண்டாய். எழுதுகிறேன். ஆனால் உன் கம்பெனி இதழ் இதைப் போடாது. நான் முன்பு எழுதிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையில் கேட்டேன், போடுகிறோம் என்றார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பிரதி உன் கைக்கு வந்துவிடும். பயிற்சிக்காக நீ ஹைதராபாத்துக்கு ரயிலேறுவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். மற்றபடி எதையும் அவசரமாக எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

அதே தொலைபேசிப் பேச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். உனக்கு அது பெரிய விஷயமில்லை, போகிறபோக்கில் சொன்னாய். உன் நோய்க்குப் போடும் ஊசிக்குப் பதிலாக வரப்போகும் புது மாத்திரையைச் சோதிக்க உன் கம்பெனியில் ஆட்களைப் பட்டியலிடுகிறார்கள், இந்தப் பக்கத்துப் பட்டியல் மாதக் கடைசியில் முடிகிறது என்றாய். "நம்ம தேவி வீடு ஞாபகம் இருக்கா? அவ தங்கச்சிக்கும் அதே வியாதியாம்பா. ஆனா சேக்க மாட்டாங்க. ஏற்கெனவே ஒரு தடவை மருந்தே வேணாம்னு சொன்னவங்கன்னு ரெஜிஸ்டர்லயே இருக்கு. அப்படிப்பட்டவங்கள சேத்தா பாதியில நிறுத்திடுவாங்க, டேட்டா கெட்டுப்போயிடும்" என்றாய். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாய். லைன் கட்டாகவில்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பது பொய். தேவியின் பெற்றோர் எதையும் மறுக்கவில்லை. அவர்கள் மறுத்ததாக, உனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையில் சொன்னவன் நான்.

உன் நோயின் பெயரை இதில் எழுதவில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு வீடுகளைத்தான் கைகாட்டுவார்கள். அதில் ஒரு வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் தேவியின் தங்கை என்றே எழுதுகிறேன். நோய் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ரத்த அணுக்கள் அழியும்போது மிஞ்சும் ஒருவகைக் கொழுப்பைக் கரைக்க எல்லோர் உடம்பிலும் ஒரு நொதி உண்டு. உனக்குப் பிறவியிலேயே அது போதவில்லை. கரையாத கொழுப்பு மண்ணீரலில் சேரும், கல்லீரலில் சேரும், எலும்புக்குள்ளும் போய்ச் சேரும். வயிறு முன்னால் தள்ளும், மூக்கில் ரத்தம் வரும், எலும்பு வலிக்கும், உயரம் நின்றுவிடும். அப்பாவிடமிருந்து ஒரு பழுதும் அம்மாவிடமிருந்து அதே பழுதும் வந்து சேர்ந்தால்தான் இந்த நோய். உன் அம்மா என் தாய்மாமன் மகள். உனக்கு ஆறு வயதில் வயிறு பெருத்தபோது குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு மலேரியாவுக்கு மூன்று முறை கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தபோது உனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு டாக்டரிடம் இருந்ததெல்லாம் ரத்தம் ஏற்றுவதும், முடியாமல் போனால் மண்ணீரலை வெட்டி எடுப்பதும்தான். வெட்டினால் கொழுப்பு எலும்பைத் தேடிப் போகும் என்பதையும் அவரே சொன்னார்.

சென்னையில் அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடி பெஞ்சில்தான் தேவியின் அம்மா தனத்தைப் பார்த்தோம். திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து, கூடை மீனைக் கோவளத்தில் விற்றுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தேவி உன்னைவிட மூன்று வயது சின்னவள், வயிறு உன்னைவிடப் பெரிது. பள்ளிக்கூடத்தில் உன்னைப் பானை என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுவாயே, அதை அவளிடம் நீயே சொன்னாய். "நீ பானைன்னா நான் குடம்டா, என்னாண்ட மோதாத" என்றாள் அவள். அதற்கு அப்புறம் நீ அழவில்லை. டாக்டர் எங்களை அடுத்தடுத்து உட்காரவைத்து, சொந்தத்தில் கல்யாணம் செய்தீர்களா என்று கேட்டார். தனம் தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். வெளியே வந்ததும் உன் அம்மாவிடம், "ஊர்ல எவனுக்கும் வராத நோவு நம்ம ரெண்டு வூட்டுக்கும் கரெக்டா வந்துகீது. பேசாம நாம சம்பந்தி ஆயிடலாம் போலக்கீது" என்றாள். பின்னால் வந்துகொண்டிருந்த டாக்டர் பதறிப்போய், "அம்மா தாயே, அதை மட்டும் செஞ்சுடாதீங்க" என்றார். அந்த மாடியில் அப்படிச் சிரித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கே முகவரி எழுதும் இடத்தில் ஒன்று நடந்தது. குப்பத்துக்கு வரும் தபாலையெல்லாம் தபால்காரர் ரோட்டோரத்து டீக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். முந்தைய மாதம் மருத்துவமனையிலிருந்து வந்த அட்டையில் அங்கே யாரோ வடை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். "அந்த டீக்கடைக்கு எதையும் அனுப்பாத ண்ணா. இந்தப் பேப்பர்கார அண்ணன் வூட்டு அட்ரஸ் போட்டுக்கோ. அவருதான் இங்கிலீஷ் படிச்சிச் சொல்லுவாரு" என்று எழுத்தரிடம் தனம் சொன்னாள். அது புதிதில்லை. செங்கல்பட்டில் நம் வீட்டு முகவரிக்கு மேற்பார்வை போட்டு யார் யாருக்கெல்லாமோ கடிதம் வரும். கருங்குழியில் பட்டாவுக்கு அலைந்தவர், கல்பாக்கத்தில் வேலை கேட்டு மனுப் போட்டவர், முதியோர் பென்ஷன் கேட்ட கிழவர் என்று பலர். மனுவை நான் எழுதுவேன், பதில் என் வீட்டுக்கு வரும், நான் படித்துச் சொல்வேன், அதிலிருந்தே எனக்குச் செய்தியும் கிடைக்கும். மாவட்டத்தில் மற்ற நிருபர்களுக்குக் கிடைக்காதவை எனக்கு மட்டும் கிடைத்ததற்கு அதுதான் காரணம். சேவை என்று ஊர் சொன்னது, நானும் மறுத்ததில்லை. ஒருவருக்கு வரும் கடிதத்தை அவருக்கு முன்னால் பிரிக்கிறவனிடம் எவ்வளவு அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

உனக்குப் பதினாலு வயதானபோது மருந்து வந்தது. இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுக்கும் மருந்து. முதலில் அதைப் பிரசவத்தில் கழியும் நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள், பிறகு ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களையே அதைச் செய்யவைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. நாம் இருந்த தெருவையே விற்றாலும் ஒரு வருடத்துக்கு வாங்க முடியாத விலை. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி, சில நாடுகளில் சில பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தது. அந்த வருடம் நம் மருத்துவமனைக்கு ஒரே ஓர் இடம். டாக்டர் என்னிடம் மறைக்கவில்லை. "ரெண்டு பேர் பேரையும் அனுப்பியிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு மண்ணீரல் ரொம்பப் பெருசு, ரத்தத்தை உறையவைக்கற தட்டணுக்கள் ரொம்பக் குறைச்சல். அவ முதல்ல. உங்க பையன் ரெண்டாவது. அடுத்த வருஷம் நிச்சயம் பாக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். நியாயம்தான் என்றும் சொன்னேன். நானே ஒரு செய்தியில் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த வாரம் உன் தொடை எலும்பில் வலி வந்து ஆறு நாள் நீ கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

தேவிக்கான கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியத் தபாலில் நம் வீட்டுக்கு வந்தது. உறையில் அவள் அப்பா பெயர், அதன் கீழே மேற்பார்வை என்று என் பெயர். பிரித்தேன். பிரிப்பது என் வேலை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து புதிதாக ரத்தம் கொடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது. தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று நான் எந்த நிமிடத்திலும் முடிவு செய்யவில்லை. நாளைக்குப் போகலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். கடிதம் என் மேசைமேல் திறந்தபடியே இருந்தது. உன் அம்மா காலையில் மேசையைத் துடைக்கும்போது அதை எடுப்பாள், அதன் அடியில் துடைப்பாள், இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். அவள் பி.ஏ. படித்தவள். ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது இதை எழுதப்போகிறேன் என்றபோது, "எழுதுங்க. ஆனா நான் படிக்கத் தெரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பத்தாம் நாள் நான் அந்தக் குப்பத்துக்கே போனேன். கடற்கரையில் ஒரு சொகுசு விடுதி சுவர் எழுப்பி, படகு இழுக்கும் வழியை அடைத்துவிட்டது. அதை எழுதப் போனேன். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன், அதுவும் உண்மை. கொடுத்துவிட வேண்டும் என்று பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை உறுதியாக இருந்தேன். தனம் வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னா ண்ணா, சொல்லாம கொள்ளாம வந்துகீற? லெட்டரு எதுனா வந்துதா?" என்றாள்.

"இல்லம்மா. இந்தச் செவுத்துப் பிரச்சினைக்காக வந்தேன்."

"வந்தா ஒடனே சொல்லிடு ண்ணா. இவ அப்பன் கடலுக்குப் பூட்டான்னா நாலு நாளு ஆவும். எவன் கையில கால்ல வுழுந்தாவது அவனைக் கரைக்கு இட்டாந்துடுவேன்" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். தேவி உள்ளே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "மாமா, பானை எப்டிகீறான்? எழுந்து நடக்கறானா?" என்று கேட்டாள். நடக்கிறான் என்றேன். சுவர்ப் பிரச்சினையைப் பற்றி நான் எழுதியது மூன்று பத்தியில் வந்தது. வழியின் அகலம், படகுகளின் எண்ணிக்கை, தாசில்தார் சொன்ன பதில் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு பிழை கிடையாது.

தேதி கழிந்து நான்காம் நாள் உன்னை ரத்தம் ஏற்றக் கூட்டிப் போனபோது டாக்டர் கேட்டார். "என்னங்க, அந்தப் பொண்ணு வீட்ல வரவே இல்லையே. லெட்டர் போய்ச் சேர்ந்துதா?" அப்போதும் ஒரு வழி இருந்தது. தபால் தாமதம் என்று சொல்லியிருந்தால் அவர் கம்பெனிக்கு எழுதிக் கால அவகாசம் வாங்கியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர். நான் சொன்னேன்: "போச்சு டாக்டர். நானே படிச்சுக் காட்டினேன். அந்த ஊசியெல்லாம் வேணாம்கறாங்க. எங்கயோ மந்திரிக்கக் கூட்டிக்கினு போறாங்க." அவர் பெருமூச்சுவிட்டார். "என்ன பண்றது, அந்த ஜனங்க அப்படித்தான்" என்று பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதினார். நல்லவர், நோயாளிக்காக எங்கேயும் போய்ச் சண்டை போடுகிறவர். அவர்கூட இரண்டாவது கேள்வி ஒன்று கேட்கவில்லை. உன்னைப் பற்றி யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். கடற்கரையிலிருந்து வெறுங்காலோடு வரும் ஒரு மீன்காரி மருந்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்பதை எல்லோரும் உடனே நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களோடு பதினைந்து வருடம் பழகி, அவர்களுக்காக எழுதி, அவர்கள் நம்பிக்கையைச் சம்பாதித்தவன், நம்பவைக்க எந்தப் பொய் போதும் என்பதையும் அங்கேயேதான் கற்றிருக்கிறேன்.

பிறகு உன் பெயருக்குக் கடிதம் வந்தது. அதை ஒரு நிமிடம்கூட மேசையில் வைக்கவில்லை. தனத்திடம், கம்பெனி தேவியின் பெயரை ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். அவள் என்னைத் தேற்றினாள். "வுடு ண்ணா. ஒன்னுக்காவது கெடச்சுதே. உம் புள்ளயாவது பொழைக்கட்டும். எங்குளுக்கு அடுத்த வருசம் பாக்கலாம்" என்றாள். உனக்கு முதல் மருந்து ஏற்றிய மறுநாள் ஒரு பை நிறைய எறா கொண்டுவந்து நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். ரத்தம் ஊறும் என்றாள். அம்மா தொக்கு வைத்தாள். நீ மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். உனக்கு நினைவிருக்கும், அந்த வீட்டில் அப்படி ஒரு சாப்பாடு அதற்கு முன் நடந்ததில்லை. மூன்றே மாதத்தில் உன் முகத்தில் நிறம் வந்தது. ஒரு வருடத்தில் வயிறு இறங்கியது. இரண்டாம் வருடம் ரயில்வே மைதானத்தில் நீ பந்துவீச ஓடி வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணம் கேட்டபோது வெயில் என்றேன்.

அடுத்த வருடம் தனத்துக்கு எதுவும் வரவில்லை. மறுத்த குடும்பம் என்று பதிவேட்டில் இருந்ததால் டாக்டர் அவர்கள் பெயரை அனுப்பவில்லை. மருந்து இல்லை என்றான பிறகு தனம் சென்னைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் கேட்டாள், நானும் ஒவ்வொரு முறையும் இன்னும் வரவில்லை என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை. இரண்டாம் வருட மழையில் தேவிக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கிலும் வாயிலும் ரத்தம் நிற்காமல், செங்கல்பட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஆட்டோவிலேயே போய்விட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் அந்தச் சாவையும் செய்தியாக எழுதினேன். மருந்து எட்டாமல் மீனவச் சிறுமி பலி என்று தலைப்புக் கொடுத்தேன். அரசாங்கத்தைக் கேட்டிருந்தேன், வெளிநாட்டுக் கம்பெனியைக் கேட்டிருந்தேன், சமூகத்தைக் கேட்டிருந்தேன். ஆசிரியர் கூப்பிட்டு, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது என்றார். அந்தச் செய்தியை வெட்டி நீ உன் நோட்டில் ஒட்டிவைத்தாய். அதைப் படித்துத்தான் பார்மசி படிக்க முடிவு செய்தேன் என்று உன் நேர்முகத் தேர்வில் சொன்னதாக என்னிடம் பெருமையாகச் சொன்னாய்.

இப்போது நீ மாத்திரையைப் பற்றிப் பேசும்போது உன் குரலே மாறிவிடுகிறது. ஊசி நொதியை உள்ளே கொடுக்கிறது, மாத்திரை அந்தக் கொழுப்பு உண்டாவதையே குறைக்கிறது என்று விளக்கினாய். குளிர்ப்பெட்டி வேண்டாம், ஊசி குத்த நரம்பு தேட வேண்டாம், அரைநாள் படுக்கையில் கிடக்க வேண்டாம், கடலுக்குப் போகிறவர்கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றாய். நல்லது. உன் கையில் தழும்பாகிப்போன இடங்களைப் பார்த்தவன் நான், அந்த மாத்திரை வர வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. ஆனால் நீங்கள் எல்லோரும் மருந்தைச் சிறப்பாக்குவது என்று சொல்லும்போது, அது உடம்புக்குள் போன பிறகு என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்கிறீர்கள். உடம்பு வரைக்கும் அது யார் யார் கை மாறி வருகிறது என்று அளக்க உங்களிடம் கருவி கிடையாது. உன் மருந்துக்கும் தேவிக்கும் நடுவில் நின்றது நோயில்லை, விலைகூட இல்லை. நின்றது உன் அப்பா. உன் சோதனையில் யாராவது மறுத்தார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால், அவர்கள் யாரிடம் மறுத்தார்கள், அவர்களுக்கு அதை எந்த மொழியில் யார் படித்துக் காட்டினார், படித்துக் காட்டியவருக்கு அதில் என்ன லாபம் என்று கேள். வராதவர்களைப் பட்டியலிலிருந்து அடிப்பதற்கு முன் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார். இதை அறிவுரையாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எப்படித் தவறாக நடக்கும் என்று முழுதாகத் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நீ தொலைபேசியில் பேசிய மூன்றாம் நாள் நான் தனத்தைப் பார்க்கப் போனேன். சுனாமிக்குப் பிறகு ரோட்டுக்கு மேற்கே கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார்கள். தேவியின் தங்கை மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், வெள்ளைக்காரர்களோடு பேசுகிறாள். அவளுக்கு வயிறு இன்னும் அவ்வளவு பெருக்கவில்லை, எலும்பு வலிதான் அதிகம். அந்தக் கடிதத்தை உறையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது. ஏன் கிழிக்கவில்லை என்று தெரியவில்லை. உறையைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே ஆங்கிலத்தில் படித்தாள், பிறகு உட்கார்ந்து, அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். உங்கள் மகள் தேவி தேர்வு செய்யப்பட்டிருக்கிறார் என்ற இடத்தில் குரல் நின்றது. தனம், "மேல படி" என்றாள்.

முடித்ததும் தேதியைக் கேட்டாள். தங்கை சொன்னாள். தனம் என்னைப் பார்த்து, "செவுரு கட்டினாங்கன்னு நீ வந்தியே, அன்னிக்கு இது எங்க இருந்துது?" என்றாள்.

"பையில இருந்துதும்மா."

"டீ குடிச்சிட்டுப் போனியே."

"எறா கொண்டாந்து குடுத்தேனே" என்றாள். அதுவும் என்னைக் கேட்ட மாதிரி இல்லை. காலில் விழப்போனேன், நகர்ந்துகொண்டாள். "அதெல்லாம் வேணாம். உம் புள்ள நல்லாக்கீறானா? இருக்கட்டும். அவன் இன்னா பண்ணுவான். நீதான் பேப்பர்ல எழுதுவியே, எழுது. ஆத்தாளும் அப்பனும் வேணாம்னு சொல்லலன்னு எழுது. எம் பொண்ணு பேரப் போட்டு எழுது. எழுதிட்டு இந்தப் பக்கம் வராத" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டுவாள் என்று நம்பிக்கொண்டுதான் போனேன். அந்த வாய்க்கு முன்னால் மீன் ஏலக்காரர்களே நிற்க முடியாது.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. உன் கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதிவேட்டைத் திருத்த அது போதும், அவளைப் பட்டியலில் சேர்க்க வைக்க அது போதுமா என்று தெரியவில்லை. அதற்கு உள்ளே இருந்து ஒருவர் பேச வேண்டும். பேசினால் உன் வேலைக்கு இடைஞ்சல் வரலாம், நீ எப்படி மருந்து பெற்றாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நீ திருடவில்லை, ஆனால் உன்னிடம் இருப்பது திருடித் தந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியே கிடையாது. சாவதற்கு முன் இதை உன்னிடம் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். தங்கைக்கு அந்த நோய் வராமல் இருந்திருந்தால் அப்படியே போயிருப்பேன். என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில் மோசமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் தெருவுக்கு இறங்கியபோது தேவியின் தங்கை பின்னாலேயே வந்தாள். என்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த பெண். "உங்க பையனுக்கு இது தெரியுமா சார்?" என்று கேட்டாள். தெரியாது, சொல்லப்போகிறேன் என்றேன். "அக்காவுக்கு வந்தது அவருக்குப் போச்சு. இப்ப அவரு குடுக்கற மாத்திரைய நான் நம்பி முழுங்கணும். எப்படி சார் முழுங்கறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். முப்பது வருடம் அடுத்தவர்களைக் கேள்வி கேட்டே பிழைத்தவன், பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை, வீட்டில் இருப்பாள். போய்ச் சொல். கம்பெனி வண்டியில் போகாதே. இன்னாருடைய மகன் என்று சொல்லிக்கொண்டும் போகாதே, அந்த வீட்டில் அது உதவாது.